லிஃப்ட்காரரின் இடது தோள்

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீடு மூன்றாவது மாடியில். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறும் மனைவி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி, "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் ஏத்தி இறக்குறாரு, கட்டின பொண்டாட்டிக்கு மட்டும் படிக்கட்டு" என்று சுவரிடம் சொல்வாள். பின்னால் வரும் அவர் சிரிப்பாரே தவிரப் பதில் சொல்ல மாட்டார். அக்கம்பக்கத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். நாற்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு, எவ்வளவு கழுவினாலும் கிரீஸ் வாசம் போகாத கை. இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனி. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் ஒரு தடவை மேலே போய்க் கீழே வருவார்; வந்ததும் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேச ஓர் ஆள் இருந்தான். மனைவியின் தம்பி, முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவன். ஆறு வருடத்துக்கு முன்னால் இவர்தான் அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய், ஒரே கட்டடத்தில் வேலை செய்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டு வந்தார்கள். அவனைக் கம்பெனியில் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிட்டார்கள். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் அவன் வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிடும் வரை ஓயாது. அவன் மாமா மாமா என்று அளந்துகொண்டிருப்பான். இவர் 'ம்' கொட்டுவார். நடுவில் 'ம்' நின்றுபோனால், "மாமா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்பான்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம். ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவு மூடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது என்று புகார். கதவுக்கு மேலே இருக்கும் சின்னச் சக்கரத்தை மாற்ற வேண்டும். இருபது நிமிட வேலை. இரண்டு பேரும் அதே லிஃப்டில் ஐந்தாவது மாடிக்குப் போய் இறங்கினார்கள். கதவில் கை வைப்பதற்கு முன் மொட்டை மாடியில் உள்ள மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதுதான் முறை. ரேடியோ ஏதோ கருவி எடுக்க மேலே போய்விட்டு வந்தான். அவன் அணைத்துவிட்டு வந்திருப்பான் என்று இவர் நினைத்தார். மாமா முன்னாடியே அணைத்திருப்பார் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் கீழே யாரோ பொத்தானை அழுத்த, லிஃப்ட் சத்தமில்லாமல் தரைத்தளத்துக்குப் போய்விட்டது.

இவர் வலது கையில் இருந்த சாவியைக் கதவில் கொடுத்துத் திருப்பித் தள்ளினார். கண் மேலே, சக்கரத்தின் மேல் இருந்தது. ரேடியோ கதவுக்கு முதுகைக் காட்டி நின்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிக்கொண்டே, எப்போதும் போல உள்ளே போவதற்கு ஓர் அடி பின்னால் வைத்தான். உள்ளே லிஃப்ட் இல்லை. இவருடைய இடது கை நீண்டது. விரல் நுனியில் சட்டைத் துணி பட்டது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைக் கட்டடத்துக் காவலாளி பல பேரிடம் சொல்லியிருக்கிறார். லிஃப்ட்காரர் ஐந்து மாடியையும் படி வழியாக, ஓடாமல், சாதாரணமாக நடந்து இறங்கி வந்தாராம். "ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க" என்றாராம். மேலே போய் மெயின் சுவிட்சை அணைத்தாராம். பிறகு பையிலிருந்து 'பழுது' என்று அச்சடித்த தாள்களை எடுத்து, ஒவ்வொரு மாடிக் கதவிலும் நான்கு மூலைக்கும் நாடா கிழித்து நேராக ஒட்டினாராம். போலீஸ் வந்தபோது ஏழாவது மாடியில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

அடக்கத்தன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டதும் அவர்தான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததும் அவர்தான். மனைவி தொண்டை கட்டும் வரை அழுதாள். அவர் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. "கல்லு மாதிரி நிக்கிறாரு பாரு" என்று யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்தது. மாமியார் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டாம் நாள் அவர் வேலைக்குப் போய்விட்டார். விசாரணை முடியும் வரை கட்டடங்களுக்கு அனுப்பாமல், பட்டறையில் உட்கார்ந்து மின்பலகைகளைப் பழுது பார்க்கச் சொன்னார்கள். சரி என்றார். எதைச் சொன்னாலும் சரி என்றார். தூக்கம் வரவில்லை, கெட்ட கனவு வருகிறது என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. படுத்தால் பத்து மணி நேரம் அடித்துப் போட்டது போலத் தூங்கினார். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். எதிரே இருப்பவர் பேசினால் வாய் அசைவது தெரியும். சொல் அடுத்த அறையிலிருந்து வருவது போல வரும். மனைவி தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை செய்கிறவள். அவளும் லீவு முடிந்து போக ஆரம்பித்தாள். வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது, குழாய் சொட்டுகிறது, மகளுக்குப் பரீட்சை, இதைத் தவிர வேறு பேச்சு இல்லை. தம்பியின் பெயரை அவள் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

மகளுக்குப் பதினாறு வயது. அவள்தான் முதலில் கவனித்தாள். ஒரு நாள் அவசரத்தில் அப்பாவின் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். அவர் ஒரு வாய் விடாமல் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தார். மறுநாள் வேண்டுமென்றே போட்டாள். அதையும் குடித்தார். அம்மாவிடம் சொன்னாள். "விடு, அவருக்கு இப்ப நாக்கு எங்க இருக்குன்னே தெரியாது" என்றாள் அம்மா.

ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அடுப்பில் பால் பொங்கியது. லிஃப்ட்காரர் போய் அடுப்பை அணைத்தார். பாத்திரத்தை இரண்டு கையாலும் விளிம்போடு பிடித்துத் தூக்கி, சமையலறையிலிருந்து கூடத்து மேசைக்குக் கொண்டுவந்து, மூன்று தம்ளரிலும் சமமாக ஊற்றினார். துணி பிடிக்கவில்லை. மகள் எழுந்து நின்றாள்.

"அப்பா, கையைப் பாருப்பா."

பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் சிவந்து, விரல்களின் அடியில் தோல் எழும்பத் தொடங்கியிருந்தது.

"ஆமா, சுட்டிருக்கு" என்றார், யாரோ சொன்ன தகவலை ஒத்துக்கொள்வது போல.

மகள் அவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அழுதுகொண்டே கையைப் பிடித்திருந்தாள். அவர் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து போட்ட டாக்டர், கையைத் தூக்கச் சொன்னார். வலது கை போனது. இடது கை தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை. சட்டை மாட்டும்போது அவர் குனிந்து வளைந்து மாட்டுவதை மனைவி பார்த்திருக்கிறாள். அவர் அதைக் கவனித்ததே இல்லை. தோளுக்குப் பிசியோதெரபி எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

பிசியோதெரபி செய்தவர் குட்டையான, கட்டையான ஆள். வாய் நிறைய பேச்சு. மூன்று வாரம் தோளை அழுத்தினார், நீட்டினார், வெந்நீர்ப் பை வைத்தார். தோள் அசையவில்லை. ஒரு நாள் கையை எடுத்துவிட்டு முன்னால் வந்து நின்றார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நான் உங்க கையை முன்னால நீட்டும்போதெல்லாம் நீங்க மூச்சு விடுறதை நிறுத்திடுறீங்க. தெரியுமா?"

"தெரியாதே."

"பின்னால, பக்கவாட்டுல எல்லாம் சரியா இருக்கு. முன்னால நீட்டினா மட்டும் மூச்சு நிக்குது, பூட்டு விழுந்த மாதிரி தோளும் நிக்குது. இந்த எலும்புல கோளாறு இருக்கிறதா எனக்குத் தோணல. இந்தக் கைக்கு என்னமோ நடந்திருக்கு."

லிஃப்ட்காரர் யோசித்தார். "கைக்கு ஒண்ணும் ஆகல" என்றார். "கைக்கு ஒண்ணுமே ஆகல."

பிசியோ ஒரு தாளில் ஓர் அம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். மனசையும் உடம்பையும் சேர்த்துப் பார்க்கிறவர் என்றார். லிஃப்ட்காரர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அது அங்கேயே இருந்து துவைக்கப் போயிருக்கும். மகள் பையைத் துழாவி எடுத்து, தானே போன் செய்து நேரம் வாங்கினாள்.

அந்த அம்மாவின் அறை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. ஐம்பதை ஒட்டிய வயது, முன்பு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர், சட்டென்று சிரிக்காத முகம். அறையில் இரண்டு நாற்காலி, ஒரு பாய், மூலையில் தலையணைகள், ஜன்னலில் மங்கலான திரை. சுவரில் படம் எதுவும் இல்லை.

"சொல்லுங்க. உங்களுக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல மேடம். அதுதான் பிரச்சனைன்னு வீட்டுல சொல்றாங்க."

அந்த அம்மா தலையை ஆட்டினார். என்ன நடந்தது என்று கேட்பார் என இவர் எதிர்பார்த்திருந்தார். விசாரணையில் சொன்னதை அப்படியே ஒப்பிக்கத் தயாராகவும் இருந்தார். அவர் கேட்கவில்லை. "உங்க பாதத்துல இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"செருப்பு."

"செருப்புக்குள்ள?"

"காலு."

"அது எப்படி இருக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கு."

"சூடா, சில்லுனா, பாரமா, லேசா?"

லிஃப்ட்காரர் குனிந்து பார்த்தார், பார்த்தால் தெரியும் என்பது போல. இரண்டு கால்களும் தரையில் இருந்தன. வேறு தகவல் எதுவும் வரவில்லை. "தெரியல மேடம்" என்றார்.

"சரி. தெரியலங்கிறதும் ஒரு பதில்தான். இன்னைக்கு இது போதும்."

வீட்டுக்கு வந்து, "போய் உட்கார்ந்தேன், காலைப் பார்க்கச் சொன்னாங்க, பார்த்தேன், வந்தேன்" என்றார். மனைவி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு ஒரு மணி நேரமா?" என்று மகள்தான் கேட்டாள். ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் போனார். சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். சரி என்று சொன்னதைச் செய்வது மட்டும் அவரிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் கொடுத்து, தினமும் காலையில் செருப்பில்லாமல் அதன் மேல் பாதத்தை உருட்டச் சொன்னார் அந்த அம்மா. மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடச் சொன்னார். கையில் ஈரத் துணி, உலர்ந்த துணி, சொரசொரப்பான துணி என்று மாற்றி மாற்றிக் கொடுத்து எது எது என்று கேட்டார். ஒரு நாள் தன் இரண்டு விரலை அவர் முகத்துக்கு எதிரே இடமும் வலமுமாக ஆட்டி, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னார். "பூனைக்குட்டிக்கு வேடிக்கை காட்டுற மாதிரி இருந்துச்சு" என்று அன்றைக்கு வீட்டில் சொன்னார். சொன்ன பிறகுதான், பல மாதத்துக்குப் பிறகு தான் ஏதோ கேலியாகப் பேசியிருக்கிறோம் என்று மகளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அவருக்கு உள்ளே கேலி ஒன்றும் இல்லை. வாய் தானாகச் சொன்னது.

மகள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். பந்து கட்டிலுக்கடியில் ஓடிவிடும், எடுத்துக் கொடுப்பாள். "மூச்சை விடுப்பா. இன்னும் விடு. பலூன் விக்கிறவரு மாதிரி கன்னத்தை உப்பாத." ஏழு வாரம் இப்படியே போனது. ஒன்றும் நடக்கவில்லை.

எட்டாவது வாரம் குளியலறைக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தரை சில்லென்று இருந்தது. அதிலே அதிசயம் ஒன்றும் இல்லை, நேற்றும் அது சில்லென்றுதான் இருந்திருக்கும். ஆனாலும் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மனைவி கதவைத் தட்டி, "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது" என்ற பிறகுதான் தண்ணீர் ஊற்றினார்.

அதற்குப் பின் வந்ததெல்லாம் நல்லதாக இல்லை. மரத்துப்போன கால் உயிர் பெறும்போது முதலில் ஊசி குத்துவதுதானே வழக்கம். பட்டறையில் ஒருவன் திருப்புளியை இடம் மாற்றி வைத்ததற்காகக் கத்தினார். பட்டறையே திரும்பிப் பார்த்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை போய் அதைத் தலை குனிந்து சொன்னார்.

"கோவம் வந்துச்சா? எங்க வந்துச்சு?"

"பட்டறையில."

"உடம்புல எங்க?"

தாடையைத் தொட்டுக் காட்டினார். பிறகு கழுத்து. பிறகு கை தானாக இடது தோளுக்குப் போய் நின்றது.

"நல்லது" என்றார் அந்த அம்மா. இந்த அம்மாவுக்கு ஏதோ கழன்றிருக்கிறது என்று லிஃப்ட்காரர் நினைத்தார்.

அன்றைக்குத்தான் தோள் விஷயம் நடந்தது. அவரைச் சுவரை ஒட்டி நிற்க வைத்து, எதிரே ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றார் அந்த அம்மா. இடது கையை முன்னால் கொண்டுவரச் சொன்னார். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. ஒரு விரற்கடை போனால் நிறுத்த வேண்டும், பாதத்தில் தரை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், மூச்சை விட வேண்டும், பிறகு அடுத்த விரற்கடை. கை மார்புக்கு நேரே வந்தபோது மூச்சு நின்றது.

"இங்கேயே நில்லுங்க. அவசரம் இல்ல. இந்தக் கை என்ன செய்யப் பார்க்குது?"

"பிடிக்கப் பார்க்குது."

"பிடிக்கட்டும்."

"பிடிபடல மேடம்."

"அன்னைக்குப் பிடிபடல. இன்னைக்கு அது பாதியில நிக்குது. அது போற வரைக்கும் போகட்டும்."

கை போனது. தலையணையைத் தொட்டது. விரல்கள் துணியைப் பிடித்து இறுக்கின. அப்போது தொடையில் நடுக்கம் ஆரம்பித்தது. முதலில் வலது தொடை, பிறகு இரண்டும். முழங்கால் தடதடவென்று அடித்துக்கொண்டது. லிஃப்ட்காரருக்கு வெட்கமாகப் போயிற்று. காலைக் கையால் அமுக்கப் பார்த்தார்.

"தடுக்காதீங்க. நடுங்கட்டும். அன்னைக்கே நடுங்கியிருக்க வேண்டியது."

"அன்னைக்கு நான் நோட்டீஸ் ஒட்டிட்டு இருந்தேன்" என்றார் அவர், பல் அடித்துக்கொள்ள.

பத்து நிமிடம் நடுங்கினார். கண்ணீர் வரவில்லை. முடிந்ததும் பாயில் உட்கார்ந்து இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார். வீட்டுக்கு வந்து மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் பகலிலேயே தூங்கிப்போனார். எழுந்து சட்டையை மாட்டும்போது கை காது வரைக்கும் போனது. கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு மூன்று தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தார். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ரிப்பேர் முடிந்த லிஃப்டை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது போல இருந்தது.

மனைவியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. அந்த அம்மா சொல்லச் சொல்லவில்லை. ஒரு விடுமுறை நாள் மதியம், மொட்டை மாடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளை இரண்டு பேரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து மூலையை மூலையோடு சேர்த்து, மறுபடி பின்னால் போய். மூன்றாவது விரிப்பில் மூலை கொடுக்க எதிரே வந்தபோது மனைவி கையை விடாமல் நின்றாள்.

"நான் ஒண்ணு கேட்டா சொல்லுவீங்களா?"

"கேளு."

"அவன் கடைசியா என்ன பேசிட்டிருந்தான்? விசாரணையில ஒண்ணும் பேசலன்னு எழுதியிருக்கு. அவனாவது, ஒண்ணும் பேசாம இருக்கிறதாவது."

லிஃப்ட்காரர் விரிப்பைப் பார்த்தார். விளிம்பில் நூல் பிரிந்திருந்தது. பாதத்துக்கடியில் மாடித் தரை சுட்டது. மூச்சை நீளமாக விட்டார்.

"உன்னைப் பத்திதான் சொல்லிட்டிருந்தான்."

"என்னைப் பத்தியா?"

"நீ ஸ்கூல்ல நாடகத்துல நடிச்சியாமே. காவல்காரன் வேஷம். 'அரசர் வருகிறார்'னு ஒரே ஒரு வரி. நீ சொல்லியும் ராஜா வரல. மறுபடி சொன்ன, அப்பவும் வரல. மூணாவது தடவையும் வரல. 'அப்புறம் அக்கா என்ன பண்ணுச்சு தெரியுமா மாமா'ன்னான். அவ்வளவுதான். அதுக்கு மேல..."

மனைவி விரிப்பின் மூலையை விட்டுவிட்டாள். அது தரையில் விழுந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்தே பேசினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"உள்ள போய்ப் பார்த்தேன். ராஜா வேஷம் போட்டவ பயத்துல வாந்தி எடுத்துட்டிருந்தா. நான் வெளிய வந்து, 'அரசருக்கு வயித்துக்கு சரியில்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க'ன்னு சொன்னேன். அவனுக்கு அப்ப அஞ்சு வயசு. முன் வரிசையில உட்கார்ந்திருந்தான். நெஜமாவே எழுந்து வீட்டுக்குப் போயிட்டான். ஸ்கூல் பூரா தேடினோம்."

லிஃப்ட்காரரின் மூக்கு வழியாகக் காற்று வந்தது. சிரிப்பில்தான் சேர்க்க வேண்டும். அவள் சிரிக்கவில்லை.

"பத்து மாசமா இதை நீங்களே வச்சிருந்தீங்க."

"ம்."

"என் தம்பி என்னைப் பத்திப் பேசினது. எனக்குச் சேர வேண்டியது."

"சொல்ல வரல. வாய் வரைக்கும் கூட வரல."

"அந்த விசாரணை பேப்பரை நான் படிச்சிட்டேன். வந்த அன்னைக்கே படிச்சேன், நீங்க பீரோ மேல ஒளிச்சு வச்சதை. சுவிட்சை அணைச்சாச்சான்னு அவனும் உங்களைக் கேட்கல, நீங்களும் அவனைக் கேட்கல." கீழே கிடந்த விரிப்பைப் பார்த்தாள். "தப்பே இல்லன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பார்க்காதீங்க. என்னால முடியாது. ஆனா உங்க கூட உட்கார்ந்து சாப்பிட்டுட்டுத்தானே இருக்கேன். அதைப் பார்த்துக்குங்க."

"சரி" என்றார்.

"இந்த சரியைத்தான் என்னால தாங்க முடியல" என்றாள் அவள். எழுந்து விரிப்பைத் தட்டி எடுத்தாள். மீதி இருந்த இரண்டையும் மடித்தார்கள்.

அடுத்த மாதம் மனைவியும் அந்த அம்மாவிடம் போக ஆரம்பித்தாள். ஒரு சனிக்கிழமை அவர், ஒரு சனிக்கிழமை அவள். உள்ளே என்ன பேசினாள் என்று அவர் கேட்டதில்லை. முதல் தடவை போய்விட்டு வந்து, "அந்தத் தலையணையை அடி அடின்னு அடிச்சேன். யாருன்னு கேட்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் கேட்கவில்லை. அன்றைக்கு அவளே அவருக்கு முட்டை பொரித்துப் போட்டாள். உப்பு அதிகம் என்றார் அவர். அவள் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

விபத்து நடந்து பதினாலாம் மாதம் கம்பெனி அவரை மறுபடி கட்டடங்களுக்கு அனுப்பியது. போவதற்கு முன் ஒன்று கேட்டார், அவராக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்: மெயின் சுவிட்சில் மாட்ட, வேலை செய்யும் ஆள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பூட்டும் சாவியும். அவனவன் பூட்டை அவனவன் கழற்றும் வரை மின்சாரம் வரக் கூடாது. கம்பெனிக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. உடனே வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது கூட வருகிறவர் அவரைவிட அதிகம் பேசாத மனிதர். இரண்டு பேரும் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் இரண்டு வார்த்தை "பூட்டியாச்சா?" "பூட்டியாச்சு." ஐந்தாவது மாடியில் வேலை என்றால் கையில் இன்னும் வியர்க்கிறது. வியர்க்கிறது என்பது தெரிகிறது.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இடது கை காது வரைக்கும்தான் போகிறது. இதற்கு மேல் வராமலே போகலாம் என்று பிசியோ சொல்லிவிட்டார். பாட்டுக் கேட்டால் சத்தமாக மட்டும் கேட்கிறது. மாமியார் வீட்டுக்குப் போனால் அவள் தண்ணீர் கொடுக்கிறாள், உட்காரச் சொல்கிறாள், பேச்சு வானிலையைத் தாண்டுவதில்லை. அழுகை இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்கிறார் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கும் அம்மா.

சென்ற மாதம் அவருக்குப் பல் வலி வந்தது. கடைவாய்ப் பல். வெகுநாளாகச் சொத்தையாகி இருந்திருக்கிறது, இப்போதுதான் வலித்தது. மகளைக் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போனார். டாக்டர் ஊசியை எடுத்ததும் லிஃப்ட்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எதுக்கு அது?"

"மரத்துப் போறதுக்குத்தான். இல்லன்னா தாங்க மாட்டீங்க."

"ஊசி இல்லாம எடுக்க முடியாதா?"

டாக்டர் கையுறையோடு மகளைப் பார்த்தார். மகள் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரெண்டு மணி நேரம்தாம்ப்பா. அப்புறம் வந்துடும்."

"வந்துடுமா?"

"எல்லாருக்கும் வரும் சார்" என்றார் டாக்டர்.

அவர் வாயைத் திறந்தார். பல் போனது. வெளியே வந்து, எதிர்ப்பக்கம் இருந்த பூங்கா பெஞ்சில் மகளோடு உட்கார்ந்தார். வாயில் பஞ்சு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கன்னத்தை அமுக்கிப் பார்த்தார், நாக்கால் உதட்டைத் தேடினார். எச்சில் வாயோரம் வழிந்தது; மகள் கைக்குட்டையைக் கொடுத்தாள். அவள் போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். பஸ்கள் வந்து போயின. அவருக்கு எழுந்து போக மனமில்லை. மூன்று மணிக்கு மேல் தாடையின் ஓரத்தில் விண் விண்ணென்று ஆரம்பித்தது.

"வலிக்குது" என்றார்.

"போலாமா?" என்று கேட்டு மகள் எழுந்தாள்.